பெரியசாமியின் கழுத்தில் ஆறு எலும்புகள்

கல்லூரிப் பொன்விழா மலர்க்குழுவிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் பணிக்காலத்தின் இனிய அனுபவங்களை இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதி அனுப்பவும். மார்பளவுப் புகைப்படம் ஒன்றும் இணைக்கவும்" என்று கேட்டிருந்தார்கள். புகைப்படம் எடுத்தாயிற்று. ராஜபாளையத்து ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் என் முடியைக் கறுப்பாக்கி, ஒட்டிய கன்னத்தை உப்பவைத்து, நான் ஆயுளில் போடாத ஒரு கோட்டையும் மாட்டிவிட்டார். இரண்டு பக்கம் என்பதுதான் இடிக்கிறது. இனிய அனுபவம் மட்டும் என்றால் அரைப் பக்கம் போதும், மற்றதையும் சேர்த்தால் இரண்டு பக்கத்தில் அடங்காது.

நான் முப்பத்தொரு வருடம் அந்தக் கல்லூரியின் நிலவியல் துறையில் அருங்காட்சியக அட்டெண்டராக இருந்தவன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற கல்லூரி. பெயரை நான் எழுத வேண்டியதில்லை, மலரின் அட்டையில் பெரிதாகப் போடுவார்கள்.

கடிதம் வந்த வாரமே இப்போதைய துறைத்தலைவர் அனிதா போன் செய்தார். என் மகள் வயது. நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்கு வந்தவர்.

"சார், நம்ம பெரியசாமியை ஸ்கேன் எடுத்தோம். கழுத்துல ஆறு எலும்பு மட்டும் ஒரு மாதிரியா வருது. மத்ததெல்லாம் உள்ள தேன்கூடு மாதிரி இருக்கு. இந்த ஆறும் உள்ள ஒண்ணுமே இல்லாம ஒரே வெள்ளை. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாமல் இருந்தால் இந்நேரம் நானும் இனிய அனுபவத்தை எழுதி, கோட்டுப் போட்ட படத்தையும் இணைத்து அனுப்பியிருப்பேன். அந்த ஆறு எலும்பையும் செய்தவன் நான். அதை நான் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததால் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்குப் பட்டம் போயிற்று. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மலர்க்குழு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெரியசாமி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கடல் பிராணி. ஜுராசிக் காலத்தில், ஏறக்குறைய பதினாறு கோடி வருடத்துக்கு முன்னால் நீந்தித் திரிந்தது. பிளீசியோசார் என்பார்கள். ஆமைக்கு ஓட்டை எடுத்துவிட்டு, நீளக் கழுத்தும் நாலு துடுப்பும் வைத்தால் வருகிற உருவம். டைனோசார் இல்லை, டைனோசார் இல்லை என்று முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லி என் தொண்டை காய்ந்தது. அவர்களோடு வந்த வாத்தியார்கள் வெளியே போனதும் "டைனோசார் பாத்தீங்களாடா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பிராணிக்கு வைத்த லத்தீன் பெயரின் முன்பாதி யார் வாயிலும் நுழையாது. பின்பாதி, கல்லூரி செகரட்டரியுடைய தகப்பனாரின் பெயர். ஆகவே ஊரில் அது பெரியசாமி ஆகிவிட்டது. போன மாதம் ஸ்கேன் சென்டரிலும் அப்படித்தான் பதிந்தார்களாம். வயது என்ற கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்பதால் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருக்கிறார்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ராஜபாளையத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டுப் போடும் வேலையில் ஐந்து வருடம் இருந்தேன். அதுதான் எனக்குப் பயிற்சிக் காலம். பேராசிரியர் நாகலிங்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு அங்கே வந்தார். நான் போட்ட கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வாரம் கழித்துக் கட்டை வெட்டியபோது, "தங்கராஜ், நீ எங்க காலேஜுக்கு வந்துடேன்" என்றார். மாவுக்கட்டுக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தத் துறை தொடங்கியதே ஒரு வேடிக்கை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமெண்ட் ஆலை இருக்கிறது, ஆகவே கல்லைப் படித்தவனுக்கு வேலை இருக்கும் என்று நினைத்து செகரட்டரி ஆரம்பித்தார். அவர் மில் முதலாளி. கல்லூரியையும் ஒரு மில்லாகத்தான் பார்த்தார், எந்த ஷிப்டில் என்ன வருகிறது என்று கேட்பார். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் ஆலங்குளம் பக்கத்திலிருந்து எலும்பு மாதிரி இருக்கிற கல்லையெல்லாம் எங்களிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "நம்ம ஊர்க் கல் ரொம்பப் பழசு. எலும்புள்ள பிராணி எதுவும் பிறக்கறதுக்கு முன்னாடியே ஆனது. இதுல எலும்பு வராது" என்பார். எலும்பு வேண்டும் என்றால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். நாங்கள் கட்ச் போனோம்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. பேராசிரியர், மாணவர்கள், நான், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நாலு மூட்டை, கட்டுப் போடும் மாவு ஆறு மூட்டை. ஓர் ஆட்டுக்காரர் ஓடைக் கரையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த உருண்டைக் கற்களைக் காட்டினார். பேராசிரியர் முழங்கால் வலியை மறந்து மண்ணில் உட்கார்ந்ததை அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். ஊசி நுழையும் அளவில் இரண்டு துளைகள் அடுத்தடுத்து இருந்தன. இரத்தக்குழாய் போன வழி. "இந்தக் குடும்பத்துக்கு இதுதான் அங்க அடையாளம். ரெண்டு துளை" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

எடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும், இப்போது வருகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். எலும்பைச் சுற்றி மண்ணைத் தோண்டி அதை ஒரு மேடைமேல் இருக்கிற மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீராகக் கரைத்த பசையைத் தூரிகையால் விட வேண்டும். ஈரச் செய்தித்தாளை மூன்று மடிப்பாகப் போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் மாவு எலும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மாவில் முக்கியெடுத்த பேண்டேஜ். மாவு சூடாகி, பிறகு ஆறும். ஆறியதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடியை அறுத்துப் புரட்ட வேண்டும். கட்டின்மேல் எழுத்தும், தலைப்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட வேண்டும். எங்களுக்கு அ, ஆ, இ என்று மூன்று கட்டு வந்தது. அ, ஆ இரண்டிலும் சேர்த்துக் கழுத்தெலும்பு பதினேழு. இ கட்டில் பதினொன்றும், தோள்பட்டையும், ஒரு துடுப்பும். ஆ கட்டுக்கும் இ கட்டுக்கும் நடுவில் ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் இருந்த எலும்பு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. தலையும் இல்லை. ராஜபாளையம் ஸ்டேஷனில் இறக்கும்போது போர்ட்டர், "யாருக்குய்யா இம்புட்டு மாவுக்கட்டு?" என்று கேட்டார். "எல்லாம் ஒரே ஆளுக்குத்தான்" என்றேன்.

ஒன்றரை வருடம் ஊசியும் தூரிகையுமாக நான் சுத்தம் செய்தேன். பேராசிரியர் தினமும் பதினோரு மணிக்கு வருவார். எலும்பை வெறுங்கையால் தொட மாட்டார், கைக்குட்டையால் பிடிப்பார். "இவரைக் கொஞ்சம் திருப்பு", "இவருக்கு விலா எலும்பு ஒட்டின இடம் தெரியறதா?" என்று ஒவ்வோர் எலும்பையும் மரியாதையாகத்தான் பேசுவார். வெள்ளை அங்கி ஆணியில் தொங்கும், போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் உடம்புக்கு ஏறும். திட்ட மாட்டார். "தங்கராஜ்" என்று சொல்லி நிறுத்துவார். மீதியை நாமே யோசித்துப் பயந்துகொள்ள வேண்டும். எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், "பார்க்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்ற காரியம் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

வகைப்படுத்துவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கழுத்தெலும்பு எத்தனை, விலா எலும்பின் நுனி ஒற்றையாக ஒட்டுகிறதா பிளந்து ஒட்டுகிறதா, தோளை நோக்கி வர வர எலும்பு எவ்வளவு பருக்கிறது, இதையெல்லாம் வைத்துத்தான் எந்தக் குடும்பம், எந்த இனம் என்று முடிவு செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு வீடு, கூடினால் இன்னொரு வீடு. தலை கிடைக்காத பிராணிக்குக் கழுத்துத்தான் ரேஷன் கார்டு. உடைந்ததை ஒட்டவும் விட்டதை நிரப்பவும் ஒரு விதி சொன்னார்: "ஒட்டுவேலை ஆறடியில நின்னு பார்த்தா தெரியக் கூடாது. ஆறு அங்குலத்துல பார்த்தா தெரியணும்." நல்ல விதி. இன்றைக்கும் நான் அதை மதிக்கிறேன்.

கண்காட்சி வைக்க மில் தச்சர்கள் தேக்கில் பன்னிரண்டு அடிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். அளவு கொடுத்தவர் செகரட்டரி. யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று தெரியாது. எலும்புகளை உள்ளே அடுக்கி, ஓடை அறுத்த இடத்தில் பேராசிரியர் கொஞ்சம் இடம் விட்டு, "இப்பகுதி கிடைக்கவில்லை" என்று அட்டை வைத்தார். கடைசியில் பார்த்தால் பெட்டியில் ஒன்றரை அடி வெறுமையாகக் கிடந்தது. செகரட்டரி வந்து பார்த்தார். அட்டையைப் படித்தார்.

"கிடைக்கலைன்னு நாமளே எழுதி வைக்கணுமாக்கும்? கழுத்து நீளமான மிருகம்னுதானய்யா சொன்னீய? பெட்டி பாதி மொட்டையா நிக்கி. வாரவன் சிரிக்க மாட்டானா?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "பார்க்கலாம்" என்றார். ஆனால் செகரட்டரியிடம் சொல்லும் பார்க்கலாம் மட்டும் உடனே நடக்கும். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "தங்கராஜ், காட்சிக்குத்தானே. இடத்துக்குத் தகுந்த மாதிரி நிரப்பிடு" என்றார். நான் பதினேழாவது எலும்பிலிருந்து அச்சு எடுத்து, ஆறு மாவு எலும்பு வார்த்து, சாயம் பூசினேன். ஆறு என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்றால், ஆறு வைத்ததும் பெட்டி நிறைந்தது. ஒரு ஜுராசிக் பிராணியின் கழுத்து நீளத்தை மில் தச்சர் முடிவு செய்தது உலகத்திலேயே இங்கேதான் இருக்கும்.

விதியை நான் விடவில்லை. ஆறு மாவு எலும்பிலும் அடிப்பக்கம் இருந்த இரண்டு துளைகளையும் அடைத்து, நடுவில் ஒரே துளை போட்டேன். பின்னால் யாராவது கையில் எடுத்துப் பார்த்தால் ஒற்றைத் துளை உள்ளது மாவு என்று தெரிந்துகொள்வார்கள். ரிஜிஸ்டரிலும் பதினெட்டு முதல் இருபத்துமூன்று வரை மாவு என்று ஆறு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு அப்போது அதில் பெருமை கூட இருந்தது.

திறப்பு விழா நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா டப்பா கொடுத்தார்கள். பெட்டி பூட்டப்பட்டது, சாவி என்னிடம்.

நாலு வருடம் கழித்துப் பேராசிரியரின் ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. முப்பத்துநான்கு கழுத்தெலும்பு, புதிய இனம், பெரியசாமி பெயர். ஒரு பிரதியை எனக்கும் கொடுத்தார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நின்று, அதே வரியை மறுபடி எழுத்துக்கூட்டினேன். கழுத்தின் நடுப்பகுதி எலும்புகளில் அடிப்புறத் துளை இரண்டுக்குப் பதிலாக ஒன்றே உள்ளது, உலகில் வேறெந்த பிளீசியோசாரிலும் காணப்படாத இந்தத் தன்மையே இவ்வினத்தின் தனி அடையாளம் என்று எழுதியிருந்தார்.

ஓடினேன்.

"சார், இந்த ஒத்தத் துளை நான் போட்டது சார்."

"எது?"

"பதினெட்டுல இருந்து இருபத்திமூணு வரைக்கும். மாவு எலும்பு சார். நீங்கதான சார் சொன்னீங்க, ஆறு அங்குலத்துல பாத்தா தெரியணும்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளுத்துவிட்டது. உண்மையிலேயே அவருக்கு மறந்துபோயிருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்பைக் கையில் எடுக்காமல், ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்து என்னை எடுக்கச் சொன்ன போட்டோக்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஆறடிக்கு ஏமாந்திருந்தால் பரவாயில்லை. ஆறு அங்குலத்தில் பார்த்து, துளையையும் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு ஏமாந்திருக்கிறார்.

"அச்சாயிடுத்து, தங்கராஜ்" என்றார்.

"திருத்தம் போடலாமே சார்?"

"போடலாம். பார்க்கலாம்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "செகரட்டரி அப்பா பேரை வச்சிருக்கோம். உங்க அப்பா பேர்ல இருக்கிற பிராணியே கிடையாதுன்னு அவர்கிட்ட யார் சொல்றது? நீ சொல்றியா?"

நான் சொல்லவில்லை. அப்போது நான் தற்காலிகப் பணியாளன். என் நிரந்தர ஆணை செகரட்டரியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பெரியசாமி நிம்மதியாக இருந்தார். அப்போதுதான் பேச்சியம்மாள் எம்.பில். சேர்ந்தாள். சேத்தூர்ப் பெண். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, துறை திறக்கும் முன் படியில் உட்கார்ந்திருப்பாள். பெரியசாமியையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னவர் பேராசிரியர். தன் கட்டுரையைப் பாராட்டி இன்னொரு கட்டுரை வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அல்லது மறுபடியும் மறந்துவிட்டாரோ என்னவோ.

அவள் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்துநான்கு எலும்பையும் நீளம், அகலம், உயரம் என்று மும்மூன்று தடவை அளந்தாள். நான் பெட்டியைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். பத்து நாளில் வரைபடம் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். தலைப்பக்கத்திலிருந்து கோடு சீராக மேலே ஏறுகிறது. பதினேழுக்குப் பிறகு மேடையில் நடக்கிற மாதிரி மட்டமாகப் போகிறது. இருபத்துநான்கில் ஒரே தாவாகத் தாவி மறுபடி ஏறுகிறது. ஒரே அச்சில் ஆறையும் வார்த்தால் கோடு வேறு எப்படிப் போகும்? துளையை யோசித்த எனக்கு அளவை யோசிக்கத் தெரியவில்லை.

"தங்கராஜ் அண்ணே," என்று கேட்டாள், "நேரா கேக்கேன். இந்த ஆறும் எலும்பா, மாவா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் தூசி தட்டுதவன்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூலப் படிவத்தில், அதாவது பெயர் வைக்க ஆதாரமான அந்த எலும்புகளிலேயே, சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க அனுமதி கேட்டுப் பேராசிரியருக்கு எழுதினாள். பார்க்கலாம் என்றார்.

அந்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் புது ரிஜிஸ்டர் ஒன்று பைண்டு செய்து வைத்திருந்தார்.

"பழசு செல்லரிச்சுப் போச்சு. இதுல புதுசா எழுதிடு."

பழைய ரிஜிஸ்டரில் செல்லும் இல்லை, பூச்சியும் இல்லை. நான்தான் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேனே. "எல்லாத்தையும் எழுதணுமா சார்?" என்றேன்.

"தங்கராஜ்" என்று சொல்லி நிறுத்தினார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆறு வரியை விட்டுவிட்டு எழுதினேன். அந்த இடத்தில் மற்ற எலும்புகளுக்கு எழுதியது போலவே "கட்ச், ஆ கட்டு" என்று ஆறு தடவை எழுதினேன். பழைய ரிஜிஸ்டர் பேப்பர்காரரோடு போயிற்று. யாரும் என் கழுத்தில் கத்தியை வைக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேராசிரியரைப் பற்றி இவ்வளவு நக்கலாக எழுதிவிட்டு இந்த இடத்தில் என்னை மட்டும் பாவம் என்று எழுதிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார், மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார். பேச்சியம்மாள் வரைபடத்தைத் திரையில் போட்டாள். இந்த ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைக்கிறேன், இவற்றைக் கழித்தால் இருபத்தெட்டுத்தான் மிச்சம், ஒற்றைத் துளையும் போய்விடும், ஆகவே இதைப் புதிய இனம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றாள். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நினைக்கிறேன்னா எப்படிம்மா? அளவு ஒத்துப்போறது தற்செயலா இருக்கலாம். வார்த்தது என்கிறதுக்கு அத்தாட்சி என்ன?"

"மாவு எலும்பு சேர்த்தா ரிஜிஸ்டர்ல எழுதணும் சார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கொண்டுபோனேன். தேர்வாளர் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்து வாசித்தார். கட்ச், ஆ கட்டு. கட்ச், ஆ கட்டு. ஆறு தடவை. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். புதுத்தாள், புது மை, பழைய கையெழுத்து. அவள் பேராசிரியரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆய்வேட்டைத் திருத்தி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும். நடுவில் ஒருநாள் அவள் அப்பா வந்தார். மீசையும் நிமிர்ந்த நடையுமாகத் துறைக்குள் வந்து, "எம்புள்ள பொய் சொல்லிருச்சுங்காவ. அது பொய் சொல்லாதே. என்ன சார் நடந்துச்சு?" என்று பேராசிரியரிடம் கேட்டார். பேராசிரியர் நாற்காலி போடச் சொல்லி, டீ வாங்கி வரச் சொல்லி, பார்க்கலாம் என்றார். டீ வாங்கப் போனவன் நான். அந்த மனிதர் டீயைத் தொடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு பேச்சியம்மாள் கல்லூரிக்கு வரவில்லை. பி.எட். படித்து வன்னியம்பட்டி பக்கம் டீச்சராகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு அடுத்த மாதமே ஆணை வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

பேராசிரியர் இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். அவர் இருந்திருந்தாலும் இதை எழுதியிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனிதா போனில் கேட்டபோதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, "ஆமம்மா, மாவுதான், நான்தான் செஞ்சேன்" என்றேன். மறுமுனையில் அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவப் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மில் தச்சர் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். அனிதா, "எழுத்துல குடுங்க சார். உங்க வாக்குமூலம் இருந்தா அந்தப் பேரைச் சந்தேகத்துக்குரியதுன்னு அறிவிச்சிடலாம். இனிமே இது இனம் தெரியாத பிளீசியோசார்தான்" என்றார். பெரியசாமிக்குப் பெயர் போய்விடும். செகரட்டரியும் இப்போது இல்லை, அவர் மகன்தான் பார்க்கிறார். அவருக்கு இதெல்லாம் இருக்கிறதே தெரியாது.

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஏறி வன்னியம்பட்டி போனேன்.

மதிய இடைவேளை. பேச்சியம்மாள் பள்ளி வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"தங்கராஜ் அண்ணனா? வாங்க, வாங்க. இப்பிடி உக்காருங்க. தண்ணி குடிக்கியளா?"

அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. வந்ததும் வராததுமாகக் கொட்டிவிட்டேன். ஸ்கேன் எடுத்தது, ஆறும் மாவு என்று தெரிந்தது, அச்சு எடுத்தது, துளை போட்டது, ரிஜிஸ்டரை மாற்றி எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிவப்பு மைப் பேனாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு நீ கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும், தாயி. ஒனக்கு அது தெரிஞ்சிருந்தா வைவாவுல ஒன்னைய யாரும் அசைச்சிருக்க முடியாது."

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"சந்தேகம் இருந்துச்சு, அத சொல்லுதியா?"

"சந்தேகம் இல்லண்ணே, தெரியும். ஒங்ககிட்ட கேக்கதுக்கு முன்னாடியே, நீங்க டீ குடிக்கப் போனப்ப பத்தொன்பதாவது எலும்ப எடுத்து அடியில ஊக்கால கீறுனேன். வெள்ளையா மாவு வந்துச்சு. பொறவு எச்சியத் தொட்டுச் சாயத்தத் தேச்சு மூடிட்டேன். வெளிய சொன்னா, மூலப் படிவத்தச் சேதப்படுத்திட்டேன்னு அவிய அதையே பிடிச்சுக்கிடுவாவ, என்னையக் காலேஜ விட்டே அனுப்பிருவாவ."



"தெரிஞ்சு வச்சுக்கிட்டா எங்கிட்ட எலும்பா மாவான்னு கேட்ட?" என்றேன்.

"நீங்க சொல்லுவியளான்னுதாண்ணே கேட்டேன்" என்றாள். மணி அடித்தது. விடைத்தாள்களை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று தலையசைத்துவிட்டு வகுப்புக்குள் போனாள்.